முட்டைக்காரம்மாவும் ஒரு துரைப் பேரும்

தன் சரக்கைத் தானே மட்டம் தட்டி விற்கிற வியாபாரி யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரே ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அதில் பாதி அவள்மேல், பாதி என்மேல்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் சேலத்தில் குகை என்கிற பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நாலு எழுத்து இங்கிலீஷ் படித்த தைரியத்தில், அணை ஆபீசில் வரைபடங்களை நகல் எடுக்கிற வேலைக்குப் போயிருந்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையாகத் தகரக் கூரை வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மேட்டின் மேலே துரைமார் பங்களாக்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் முட்டை கொடுத்தது அவள்தான். மேச்சேரிப் பக்கத்துக்காரி, வயது முப்பது இருக்கும். புருஷனுக்கு அணையில் கல் உடைக்கிற வேலை. எல்லாரும் முட்டைக்காரம்மா என்றே கூப்பிட்டோம். அவள் சொந்தப் பேர் என்னவென்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் என்னைக் கேட்டுத் துளைத்ததெல்லாம் ஒரு பேரைப் பற்றித்தான் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

காலையில் கூடையை இறக்கி வைப்பாள். உமிக்குள் முட்டைகள் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும்.

"முட்டை புதுசாம்மா?"

"என்னமோ கெடக்குதுங்க சாமி. பாத்து எடுத்துக்கங்க."

"கூமுட்டை ஏதும் இருக்காதே?"

"இருந்தாலும் இருக்குமுங்க. நான் உள்ள பூந்தா பாத்தேன்?"

ரெண்டு வருஷத்தில் அவளிடம் நான் வாங்கிய முட்டைகளில் ஒன்றுகூட அழுகினது கிடையாது. ஆனாலும் ஒரு நாளாவது "நல்ல முட்டைங்க" என்று அந்த வாயிலிருந்து வந்ததில்லை. என்னோடு அறையில் இருந்த நண்பன் ஒருதடவை அவள் கோழிகளைப் புகழ்ந்துவிட்டான். தினமும் தப்பாமல் இடுகிறதே, பெரிய அதிர்ஷ்டக்காரிதான் நீ என்றான். அவள் முகம் கறுத்துவிட்டது. "அதுங்க சனியனுங்க சாமி. தீனிக்குத்தான் கேடு. என்னைக்குச் சாவுமோ" என்று படபடவென்று சொல்லிவிட்டு, அவனுக்கு முட்டை கொடுக்காமலே எழுந்து போனாள். அன்றைக்கு எங்களுக்கு வெறும் ரசம்தான்.

இதைவிடக் கூத்து பங்களாவில் நடந்தது. புதிதாக ஒரு துரை குடும்பத்தோடு வந்திருந்தார். துரைசாணி தானே வராந்தாவுக்கு வந்து, முட்டை நல்லதுதானா என்று பட்லர் மூலமாக விசாரித்தாள். இவள் வழக்கம்போல, "நல்லதோ கெட்டதோ, என்னமோ கெடக்குதுங்க" என்றாள். பட்லர் மெட்ராஸ்காரன். சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீஷில் சொல்லிவிட்டான். துரைசாணி கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு பங்களா போனதோடு பக்கத்துப் பங்களாவும் போயிற்று. பட்லர் என்னிடம் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவளைப் பிடித்துத் திட்டினேன்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? நல்ல முட்டையை நல்லதுன்னு சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?"

"போனாப் போவுதுங்க சாமி" என்று அவள் கூடையைத் தலையில் ஏற்றினாள். "நல்லதுன்னு சொல்லிப்போட்டு, அப்பறம் ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

இதை நான் ஒரு வகை மந்தம் என்று வைத்துக்கொண்டேன். படித்தவனுக்குப் படிக்காதவர்கள் எல்லாரும் மந்தமாகத்தான் தெரிவார்கள். துரைசாணி மட்டும் ஒரு மாசம் வேறு ஆளிடம் வாங்கி, அழுகல் தின்று, மறுபடியும் இவளையே கூப்பிட்டனுப்பினாள்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். நாலைந்து மாசம் கழித்து, தலையில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக வந்தாள். பிள்ளையைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிழிந்த கோணித் துணியில் சுற்றியிருந்தாள். கன்னம் முழுக்கக் கரி. மூக்கில் ஒரு துளை போட்டு வேப்பங்குச்சி செருகியிருந்தது. அந்தக் கரிக்கு அடியில் கொழுகொழுவென்று, வாய் ஓயாமல் சிரிக்கிற பையன்.

"குழந்தையைக் குளிப்பாட்டறதில்லையா நீ?" என்று கேட்டேன். அவள் பிள்ளையை அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரி, பேரென்ன வெச்சிருக்கே?"

"கிளாடுங்க."

நான் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்தப் புதுத் துரையின் பையனுக்கு அதுதான் பேர். ஏழெட்டு வயசு, வெள்ளெலி மாதிரி மேடெல்லாம் ஓடுவான். அவன் அம்மா வராந்தாவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவது எங்கள் ஆபீஸ் வரைக்கும் கேட்கும்.

"துரை பையன் பேரா? உனக்கு இவ்வளவு ஆசையா?"

"ஆசை என்னங்க ஆசை. அந்தத் தொரசானி பையன வையறப்பவெல்லாம் அந்தப் பேரச் சொல்லித்தான் வையறாங்க. தெனமும் கேக்கறேன்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஏனுங்க சாமி, நீங்க இங்கிலீசு படிச்சவிய. அந்தப் பேருக்கு என்னங்க அர்த்தம்?"

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. தெரியாது என்று சொல்லிவிட்டிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. "பார்த்துச் சொல்றேன், இதென்ன பிரமாதம்" என்றேன்.

மறுநாள் முட்டைக் கூடையோடு வந்து, "பாத்தீங்களா சாமி?" என்றாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும்.

ஆபீஸ் அகராதியைப் புரட்டினேன். அதில் பேர்களுக்கு அர்த்தம் போடவில்லை. பட்லரைக் கேட்டேன். "துரைப் பேருன்னா துரைப் பேருதான், அதுக்கு மேல என்ன வேணும்?" என்றான். தலைமை குமாஸ்தாவைக் கேட்டேன். ஆபீஸ் நேரத்தில் வம்பு பேசாதே என்று விழுந்தார். அர்த்தமே கிடையாதாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒப்புக்கொள்வாளா?

"அதெப்படிங்க அர்த்தமில்லாம இருக்கும்? மேய்க்கிற ஆட்டுக்கே ஒரு அடையாளம் வெச்சுத்தானுங்க கூப்பிடறம். பெத்த புள்ளைக்கு அர்த்தமில்லாம ஒரு பேரக் கூப்பிடுவாங்களா? நீங்க இன்னொருக்காப் பாருங்க சாமி."

மாசக் கணக்கில் இது நடந்தது. அவள் தலை தெரிந்தால் பின்பக்கமாக வெளியே போக ஆரம்பித்தேன். நண்பனை விட்டு முட்டை வாங்கினேன். அவனிடமும் கேட்டு அனுப்புவாள். அந்தப் பையன் தவழ்ந்து, நின்று, நடக்கவே தொடங்கிவிட்டான். பேருக்கு அர்த்தம் வரவில்லை.

மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துரைமாருக்குப் பூஜை நடத்த சேலத்திலிருந்து ஒரு பாதிரியார் வருவார். ஒல்லியான கிழவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கடைசியில் வெட்கத்தை விட்டு அவரிடம் போய் நின்றேன். நான் கேட்டது அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இந்த ஊரில் இதுவரை யாரும் தன்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்று சொல்லி, தன் நாற்காலியையே எனக்குப் போட்டார்.

அது இங்கிலீஷ் பேரே இல்லையாம். ரோமாபுரியில் ஒரு பெரிய குடும்பத்தின் பேராம். அந்த ஊர்ப் பாஷையில் அதற்கு அர்த்தம், நொண்டி. முதன்முதலில் அந்த வம்சத்தில் யாரோ காலை இழுத்து நடந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த ஒருவன் உண்மையிலேயே நொண்டி. பேச்சும் திக்கும். பெற்ற தாயே அவனை அரைகுறைப் பிறவி என்று ஏசுவாளாம். அரண்மனையில் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் வெட்டியும் விஷம் வைத்தும் தீர்த்துக்கொண்டபோது, இவனை யாரும் தொடவில்லை. இவனைக் கொன்று என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். எல்லாரும் செத்த பிறகு, திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றவனைச் சிப்பாய்கள் இழுத்துவந்து ராஜாவாக்கினார்கள். பிறகு அந்தப் பேர் பிரெஞ்சு தேசத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு சாமியார் அந்தப் பேரோடு மலைக்காட்டில் இருந்து பெரிய மகானாகிவிட்டார். அவர் பேரை ஜனங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அங்கிருந்து கடல் தாண்டி இங்கிலீஷ்காரர்களிடம் வந்தது. இப்போது மேட்டூருக்கும் வந்துவிட்டது என்று சொல்லிப் பாதிரியார் சிரித்தார்.

இத்தனையையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு ஒரே கவலை. நொண்டி என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? பையன் இப்போதுதான் ரெண்டு அடி வைத்து விழுந்து எழுந்து பழகுகிறான். இந்த அர்த்தத்தைச் சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும்? ஒரு ராஜா இருந்ததும் உண்மைதானே. அதையே சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தேன். எனக்கு நானே பெரிய தர்மிஷ்டனாகத் தெரிந்தேன்.

மறுநாள் காலையில் நானே வாசலில் காத்திருந்தேன். அவள் கூடையை இறக்குவதற்குள், அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "உன் பையன் பேருக்கு அர்த்தம் கண்டுபிடிச்சுட்டேன். ராஜா! ரோமாபுரி ராஜா!" என்றேன்.

கூடை பாதியில் நின்றது. "என்னங்க சாமி?" என்றாள்.

"ராஜான்னு அர்த்தம். சாதாரண ராஜா இல்லே, ராஜாவுக்கெல்லாம் ராஜா."

அவள் இடுப்பிலிருந்த பையனைச் சேலைத் தலைப்பால் மூடினாள். முட்டை கொடுக்காமலே திரும்பி நடந்துவிட்டாள். மூணு நாள் அவள் வரவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! மாசக் கணக்கில் உயிரை எடுத்துவிட்டு, பதில் கிடைத்ததும் ஒரு நன்றிகூட இல்லையே என்று நண்பனிடம் பொரிந்து தள்ளினேன்.

நாலாம் நாள் அவள் புருஷன் வந்தான். கையெல்லாம் கல்தூள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க. அந்தப் பேருக்கு ராசான்னுதான் அர்த்தமுங்களா? அவ சோறு தண்ணி இல்லாமக் கெடக்கறாளுங்க."

"ராஜான்னு சொன்னதுக்கா சோறு தண்ணி இல்லே?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்களுக்கு மூத்தவன் ராசகண்ணுங்க. ரெண்டு வருசம் இருந்தான். அடுத்தவன் ராசாமணி, அது ஆறே மாசம். அப்பறம் ஒரு பொட்டப்புள்ள, செல்லராணி. அதுவும் போச்சுதுங்க. பெரிய பேரா வெச்சு வெச்சு எமனுக்குக் காட்டிக் குடுத்துட்டமுன்னு ஊர்ல சொன்னாங்க. நாலாவது பொறந்ததுமே குப்பைமேட்டுல பொரட்டி எடுத்து, குப்பன்னு வெச்சமுங்க. குப்பன்னு வெச்சாப் புள்ள நிக்குமும்பாங்க. அதுவும் நிக்கலீங்க."

அவன் கல்தூள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேலே சொன்னான்.

"குப்பன், பிச்சைங்கற வித்தையெல்லாம் எமனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்கு நெனப்புங்க. இந்தத் தாட்டி, அவனுக்குத் தெரியாத பாசையில ஒரு மட்டமான பேரு வெக்கோணும்னா. தொரசானி வையற பேராச்சே, கேவலமாத்தான் இருக்குமுன்னு அதை வெச்சா. ஆனாலும் தெரிஞ்சுக்காம அவளுக்கு மனசு ஆறலீங்க. நீங்க ராசான்னு சொல்லிப்போட்டீங்க. அதுவும் தெருவுல நின்னு சத்தமாச் சொல்லிப்போட்டீங்களாம்."

படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பழமொழி எனக்காகவே செய்த மாதிரி இருந்தது. ரெண்டு வருஷமாக அவள் கோழியைத் திட்டியதும், முட்டையைப் பழித்ததும், பையன் முகத்தில் கரி பூசியதும் என் கண்ணெதிரேதான் நடந்தது. ஒன்றையாவது ஏன் என்று நான் கேட்கவில்லையே!

அன்றைக்கு ஆபீசுக்கே போகவில்லை. அவனோடு கூலிக்காரர்கள் குடிசைகளுக்கு நடந்தேன். அவள் குடிசை வாசலில் உட்கார்ந்து உமியை அள்ளி அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"அம்மா, நான் சொன்னது தப்பு. அந்தப் பேருக்கு நொண்டின்னுதான் அர்த்தம். நீ வருத்தப்படுவேன்னு மாத்திச் சொல்லிட்டேன். சாமி சத்தியமாச் சொல்றேன், நொண்டி. ரொம்ப மட்டமான பேரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கு ராசான்னீங்க. இன்னைக்கு நொண்டிங்கறீங்க. இவரு வந்து அழுதாரா?"

"இல்லேம்மா. பாதிரியார் சொன்னார். வேணும்னா அவரையே கூட்டிட்டு வாரேன்."

"ரோமாபுரி ராசான்னு ஒருத்தரச் சொன்னீங்களே. அது பொய்யுங்களா?"

பொய் என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஏற்கெனவே ஒரு பொய்க்கு இவ்வளவு ஆன பிறகு இன்னொன்று வாயில் வரவில்லை. "இருந்தார். ஆனா அவரும் நொண்டி. யாருக்கும் வேண்டாதவர். அதனாலதான் அவரைக் கொல்லாம விட்டாங்க" என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"நொண்டியோ முடமோ, ராசா ராசாதானுங்களே." அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க சாமி. போயிட்டு வாங்க."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பினவள், உண்மையைக் கையில்கூட வாங்கவில்லை. அடுத்த மாசம் பாதிரியாரையும் அழைத்துப் போனேன். அவர் தன் தலைப்பாகை போன்ற பெரிய தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவள் கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு வந்திருக்கீங்க" என்று அவரிடமும் மரியாதையாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குள் பையனுக்குப் பேரே இல்லாமல் போயிருந்தது. கிளாடு என்ற பேரை அவள் வாயால் சொல்வதில்லை. புருஷனையும் சொல்ல விடவில்லை. வேறு பேரும் வைக்கவில்லை. எதை வைத்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் இருந்து தொலைக்குமே! "இந்தா", "ஏய்" என்றுதான் அவனைக் கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். பிறந்ததிலிருந்து ஒரு சத்தத்துக்குத் திரும்பிப் பழகின குழந்தைக்கு, அந்தச் சத்தம் நின்றுபோனால் என்ன தெரியும்? முட்டை கொடுக்கிற இடங்களில் அவள் பேசிக்கொண்டிருக்கையில் அவன் தன்பாட்டுக்கு எங்கேயாவது போய்விடுவான். அவள் சந்து சந்தாகத் தேடிப் பிடித்து வருவாள். கண்ணால் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமை பொங்கும். சொன்னால் கேட்கிறவளா?

ஒருநாள் பதினோரு மணி வெயிலில் நான் ஆபீஸிலிருந்து ஸ்டோருக்கு வரைபடச் சுருளோடு போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு தண்டவாளம் உண்டு. மேட்டுக் குவாரியிலிருந்து கல் ஏற்றின தள்ளுவண்டிகளைச் சரிவில் அப்படியே ஓட விடுவார்கள். பிரேக் கட்டையோடு ஒரு ஆள் பின்னால் தொற்றிக்கொண்டு வருவான். அவன் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அந்தத் தண்டவாளத்துக்கு நடுவில் பையன் உட்கார்ந்து ஜல்லியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மேலே வண்டி புறப்பட்டுவிட்டது.

அவள் எதிர்ப்பக்கத்தில் ரொம்ப தூரத்தில் இருந்தாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஏய்! ஏய்! இந்தா! டேய்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. வண்டிக்காரனும் கத்தினான். அவள் வாய் திறந்து திறந்து மூடியது. அந்த ஒரு பேர் மட்டும் வெளியே வரவில்லை.

நான்தான் கூப்பிட்டேன்.

"கிளாடு!"

பையன் சட்டென்று தலையைத் தூக்கினான். யார் கூப்பிட்டது என்று தேடினான். "கிளாடு, வாடா! இங்கே வா, கிளாடு!" என்று கையை நீட்டினேன். அவன் எழுந்து, தடுமாறி, தண்டவாளத்தைத் தாண்டி என்னை நோக்கி நடந்து வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வண்டி கடகடவென்று போயிற்று.

அவள் வந்து பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கினாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். எங்கும் ஒரு கீறல் இல்லை. இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, எதிர்பார்த்தேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. கோபமும் இல்லை. அப்படியொரு பயத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

"மூணு தாட்டி கூப்பிட்டீங்களே சாமி" என்றாள் மெதுவாக. "புள்ளையும் திரும்பிப் பாத்துட்டான். இது ஆரு புள்ளைன்னு இப்ப அவனுக்குத் தெரிஞ்சு போச்சுங்களே."

எந்த அவன் என்று நான் கேட்கவில்லை. அவள் பையனின் தலையை முந்தானையால் போர்த்தி, தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். அந்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காம்ப்பை விட்டுப் போய்விட்டாள். எந்த ஊருக்கு என்று புருஷன் யாரிடமும் சொல்லவில்லை.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத் தண்டவாளத்துப் பக்கத்தில்தான். பையன் முந்தானையை விலக்கிக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தான். எத்தனையோ நாள் கழித்து ஒருவர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இன்னொரு முறை கூப்பிடமாட்டேனா என்று என்னையே பார்த்து, வாயெல்லாம் சிரித்துக்கொண்டே போனான்.